மீசை அரும்பாத வாலிபர்கள்

குழந்தை இல்லாததற்கு மருமகள்தான் காரணமா? ரத்தம் சொல்லும் ரகசியம்!

வலை இழுக்கும் தோளைப் பார்த்து ஆளை எடை போடுவார்கள். மீசையைப் பார்த்து வயதை எடை போடுவார்கள். வீட்டில் தொங்கும் தூளியைப் பார்த்து ஆண்மையை எடை போடுவார்கள்.

பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பங்களில் மட்டுமா? தமிழ்நாட்டில் எந்த ஊருக்குப் போனாலும் இதே கதைதான்.

இந்த மூன்று எடையிலும் தோற்றுப் போகிற ஆண்கள் சிலர் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். உழைப்பாளிகள். நல்ல பிள்ளைகள். நல்ல கணவர்கள். ஆனாலும் மீசை சரியாக அரும்பாது. கை கால் நீண்டு வளரும். சதை மட்டும் பிடிக்காது. கலியாணம் ஆகும், குழந்தை பிறக்காது.

காரணம் என்ன?

கண்ணுக்குத் தெரியாத ஒரு துணுக்கு! தாயின் வயிற்றில் கரு உருவான அன்றே அவர்கள் உடம்பில் கூடுதலாக வந்து சேர்ந்துவிட்ட துணுக்கு. அதற்கு "எக்ஸ் குரோமோசோம்" என்று பெயர். எல்லா ஆண்களுக்கும் இது ஒன்று உண்டு. இவர்களுக்கு மட்டும் இரண்டு!

இந்தக் கோளாறுக்கு "கிளைன்பெல்டர் கோளாறு" என்று டாக்டர்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். பெயர் வாயில் நுழையவில்லையே என்று ஒதுக்கிவிட வேண்டாம். 500 முதல் 1,000 ஆண் குழந்தைகள் பிறந்தால், அதில் ஒரு குழந்தைக்கு இது இருக்கிறது. அது அமெரிக்காவானாலும் சரி, ஆண்டிக்குப்பமானாலும் சரி, கணக்கு ஒன்றுதான். 6,000 ஆண்கள் வாழும் ஊர்களைச் சேர்த்துப் பார்த்தால், சுமார் 10 பேருக்கு இது இருக்கலாம்.

அந்த 10 பேரில் எத்தனை பேருக்குத் தங்களுக்கு இப்படி ஒன்று இருப்பது தெரியும்? டென்மார்க் நாட்டில் 2003-ம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி இதற்குப் பதில் சொல்லிற்று. அங்கே நூறு பேரில் 25 பேருக்குத்தான் தெரிந்திருந்தது. மீதிப் பேர் தெரியாமலேயே வாழ்ந்து முடித்துவிடுகிறார்கள். ஆஸ்பத்திரி வசதி நிறைந்த டென்மார்க்கிலேயே இந்த நிலை!

ஏரியும் பாடும்

பழவேற்காடு சென்னைக்கு வடக்கே, பொன்னேரி தாலுகாவில் இருக்கிறது. இந்தியாவின் உப்பங்கழி ஏரிகளில் ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்த பெரிய ஏரி இதுதான். ஏரியின் பெரும் பகுதி ஆந்திராவில். தென் பகுதி தமிழ்நாட்டில். ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவே ராக்கெட் விடும் ஸ்ரீஹரிகோட்டா தீவு நிற்கிறது. நானூறு வருடத்துக்கு முன் டச்சுக்காரர்கள் கோட்டை கட்டி வியாபாரம் செய்த ஊர் இது. அவர்களுடைய கல்லறைகள் இன்றும் இருக்கின்றன.

கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாக்குப்பம், கூனங்குப்பம், லைட் ஹவுஸ் குப்பம் என்று ஏரியைச் சுற்றியும் கடலோரத்திலும் மீனவர் ஊர்கள். இறால், நண்டு, மடவை மீன், இவைதான் சோறு போடுகின்றன.

ஏரியில் யார் வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் வலை கட்டிவிட முடியாது. இறால் நன்றாகக் கிடைக்கும் இடங்களைச் சில ஊரார் சீட்டுக் குலுக்கிப் பங்கு வைத்துக்கொள்வார்கள். இன்றைக்கு இந்த இடம் இந்தக் குழுவுக்கு, நாளைக்கு வேறு குழுவுக்கு என்று முறை போட்டு நடக்கும். இதற்குப் "பாடு" என்று பெயர். பல தலைமுறையாக நடந்துவரும் ஏற்பாடு. சண்டை வராமல் பிழைக்க முன்னோர் கண்ட வழி.

பாட்டில் பங்கு ஆண்களுக்குத்தான். தகப்பனுக்குப் பிறகு மகன் என்று அது இறங்கி வரும்.

ஆகவே இங்கே ஆண் பிள்ளை என்பது வெறும் ஆசை அல்ல. அது பிழைப்பு. தோளில் வலு இல்லாத பையனைப் பார்த்துத் தகப்பன் கவலைப்படுவதும், தூளி ஆடாத வீட்டைப் பார்த்து மாமியார் புலம்புவதும் இதனால்தான்.

பழி யார் தலையில்?

இப்படி ஒரு தம்பதியை நினைத்துக்கொள்ளுங்கள். மணமாகி நான்கு வருடம். குழந்தை இல்லை.

மருமகளை எந்தக் கோயிலுக்கும் அழைத்துப் போகாமல் விடவில்லை. மாதா கோயிலில் மெழுகுவத்தி ஏற்றியாயிற்று. வேப்ப மரத்தில் தொட்டில் கட்டியாயிற்று. நாட்டு மருந்து குடித்தாயிற்று. பொன்னேரியில் ஒரு டாக்டர், சென்னையில் இரண்டு டாக்டர். ஸ்கேன் எடுத்தாயிற்று. கையிருப்பும் கரைந்தது, கழுத்திலிருந்த சங்கிலியும் அடகுக் கடைக்குப் போயிற்று.

"உங்களிடம் ஒரு குறையும் இல்லை, அம்மா. உங்கள் வீட்டுக்காரரை ஒரு நாள் அழைத்து வாருங்கள்" என்கிறார் டாக்டர்.

வீட்டுக்காரர் வருவதில்லை. "எனக்கென்ன குறை? நான் ஆம்பிளை" என்கிறார்.

ஊர் வாய் சும்மா இருக்குமா? "மலடி" என்ற பட்டம் அந்தப் பெண்ணுக்குக் கிடைக்கிறது. வளைகாப்பு வீட்டில் அவளை முன்னால் நிற்கவிடமாட்டார்கள். கொஞ்ச நாளில் மாமியார் அடுத்த பெண் பார்க்கத் தொடங்குகிறார்.

இந்தத் தம்பதி கற்பனைதான். ஆனால் இந்தக் கதை தங்கள் தெருவில் நடந்ததே என்று சொல்லாத வாசகர்கள் குறைவாகவே இருப்பார்கள்.

டாக்டர்கள் சொல்லும் கணக்கு வேறு. குழந்தை இல்லாத தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேர் விஷயத்தில் ஆணுக்கும் பங்கு உண்டு. பெண்ணுக்குச் செய்யும் பரிசோதனைகள் பல. வலியும் உண்டு, செலவும் உண்டு. ஆணுக்கு முதலில் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. விந்துப் பரிசோதனை. வலி கிடையாது. ஊசி கிடையாது. அதைச் செய்யாமல் ஒரு பெண்ணை நான்கு வருடம் அலைய வைப்பது அநியாயம்.

விந்துவில் உயிரணு அறவே இல்லாத ஆண்கள் 10 பேரை எடுத்துக்கொண்டால், அவர்களில் சுமார் ஒருவருக்குக் கிளைன்பெல்டர் கோளாறு இருக்கிறது. அவருக்கு இரண்டாம் தாரம் கட்டி வைத்தாலும் பலன் இல்லை. இரண்டாவது மருமகளுக்கும் அதே பட்டம்தான் கிடைக்கும்!

46 இருக்க வேண்டிய இடத்தில் 47

குரோமோசோம் என்றால் என்ன?

நம் உடம்பு கோடிக்கணக்கான நுண்ணிய அறைகளால் ஆனது. அவற்றை "செல்" என்பார்கள். ஒவ்வொரு செல்லுக்குள்ளும் மெல்லிய நூல் துண்டுகள் இருக்கின்றன. நிறம், உயரம், மூக்கின் வடிவம் எல்லாம் அந்த நூல்களில் எழுதியிருக்கிறது. இந்த நூல்தான் குரோமோசோம்.

மனிதருக்கு 46 நூல்கள். தாயிடமிருந்து 23; தகப்பனிடமிருந்து 23. அவற்றில் இரண்டு நூல்கள் குழந்தை ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிக்கின்றன. பெண்ணுக்கு இரண்டு "எக்ஸ்". ஆணுக்கு ஒரு "எக்ஸ்", ஒரு "ஒய்".

தாய் எப்போதும் எக்ஸ்தான் கொடுப்பாள். தகப்பன் எக்ஸ் கொடுத்தால் பெண் குழந்தை; ஒய் கொடுத்தால் ஆண் குழந்தை. (பெண்ணாகப் பெற்றுக்கொண்டே இருக்கிறாள் என்று மனைவியைத் திட்டும் கணவன்மார் இந்த வரியை இன்னொரு முறை படிக்கலாம்.)

தாயின் முட்டையும் தகப்பனின் உயிரணுவும் உருவாகும்போது நூல்கள் சரிபாதியாகப் பிரிய வேண்டும். சில சமயம் பிரிவதில் பிசகு நேர்ந்துவிடுகிறது. இரண்டு நூல் ஒட்டிக்கொண்டு ஒரே பக்கம் போய்விடுகிறது. சிக்கு விழுந்த நரம்பு வலையை உதறும்போது இரண்டு இழை சேர்ந்து வருவதில்லையா, அது போல!

அப்படிப் பிறக்கும் பையனுக்கு எக்ஸ் இரண்டு, ஒய் ஒன்று. மொத்தம் 47.

இந்தப் பிசகு பாதிப் பேரிடம் தாய் வழியாகவும், பாதிப் பேரிடம் தகப்பன் வழியாகவும் வருகிறது. இதைத் தடுக்கவும் முடியாது. யாரும் வேண்டுமென்று செய்யவும் முடியாது. கிரகணத்தில் வெளியே போனதாலும் வராது, பெரியவர்கள் சாபத்தாலும் வராது. அண்ணனுக்கு இருந்தால் தம்பிக்கும் இருக்கும் என்பதும் பொதுவாக இல்லை.

சிலருக்கு உடம்பின் ஒரு பகுதி செல்களில் 47, மற்ற செல்களில் வழக்கமான 46 என்று கலந்திருக்கும். அவர்களுக்கு அறிகுறிகள் குறைவு.

ஒன்பது ஆண்களும் ஒரு டாக்டரும்

இந்தக் கோளாறைக் கண்டுபிடித்த கதை சுவையானது.

ஹாரி கிளைன்பெல்டர் அமெரிக்காவில் பால்டிமோர் நகரைச் சேர்ந்த இளம் டாக்டர். பாஸ்டன் நகரிலுள்ள மாசச்சூசெட்ஸ் ஜெனரல் ஆஸ்பத்திரிக்குப் பயிற்சிக்காக வந்தார். அங்கே புல்லர் ஆல்பிரைட் என்ற பெரிய டாக்டர் இருந்தார். உடம்பின் சுரப்பிகளைப் பற்றி ஆராய்வதில் அவர் மன்னர்.

அங்கே உயரமான ஒரு வாலிபர் வந்தார். அவருக்கு மார்பு பெண்களுக்குப் போல் பருத்திருந்தது. விதைகள் மிகவும் சிறியவை. இது என்ன என்று பார்க்கும்படி ஆல்பிரைட் இளம் டாக்டரிடம் சொன்னார். தேடிப் பார்த்ததில் அதே போல் மொத்தம் ஒன்பது ஆண்கள் கிடைத்தார்கள். 1942-ம் ஆண்டில் இதைப் பற்றிக் கட்டுரை வெளிவந்தது.

கட்டுரையில் கிளைன்பெல்டர் பெயரை முதலில் போட்டுக்கொள்ளும்படி ஆல்பிரைட் விட்டுக்கொடுத்தார். அதனால் கோளாறுக்குச் சீடரின் பெயர் நிலைத்துவிட்டது. உண்மையில் இது ஆல்பிரைட் கண்டுபிடித்ததுதான் என்று கிளைன்பெல்டர் பிற்காலத்தில் பெருந்தன்மையோடு சொல்லிவந்தார்.

கோளாறு தெரிந்தது. காரணம் தெரியவில்லை. அந்தக் காலத்தில் மனிதருக்கு 48 குரோமோசோம் என்று எல்லாரும் தப்பாக எண்ணிக்கொண்டிருந்தார்கள்! ஜாவா தீவில் பிறந்த ஜோ ஹின் ஜியோ என்ற விஞ்ஞானி, சுவீடன் நாட்டில் ஆல்பர்ட் லெவனுடன் சேர்ந்து எண்ணிப் பார்த்து, 46தான் என்று 1956-ம் ஆண்டில் உலகுக்குச் சொன்னார்.

அதே 1956-ல் ஒரு குழப்பமும் நடந்தது. பெண்களின் செல்களில் காணப்படும் ஒரு கறுப்புப் புள்ளி, கிளைன்பெல்டர் கோளாறு உள்ள ஆண்களின் செல்களிலும் இருப்பதைக் கண்டார்கள். உடனே, "இவர்கள் பிறவியில் பெண்கள்தான், உருவம்தான் ஆண்" என்று சில நிபுணர்கள் முடிவு கட்டிவிட்டார்கள்!

அந்த முடிவு மூன்று வருடம்கூட நிற்கவில்லை. 1959-ம் ஆண்டில் ஸ்காட்லாந்திலுள்ள எடின்பரோ நகரில் பட்ரீஷியா ஜேக்கப்ஸ் என்ற பெண் விஞ்ஞானியும், ஜான் ஸ்டிராங் என்ற டாக்டரும் இத்தகைய ஆண் ஒருவரின் குரோமோசோம்களை ஒவ்வொன்றாக எண்ணினார்கள். 47 இருந்தன. எக்ஸ் ஒன்று அதிகம். ஒய் பத்திரமாக இருந்தது!

ஒய் இருப்பதனால்தான் குழந்தை ஆணாகிறது. எக்ஸ் எத்தனை இருந்தாலும் அது மாறாது என்பது அந்த ஆண்டில் விளங்கிற்று.

படித்த நிபுணர்களே மூன்று வருடம் தடுமாறிய விஷயம் இது. தெருமுனையில் நின்று ஒரு பையனை "பொட்டை" என்று கேலி செய்கிறவர்களுக்கு இது தெரிந்திருக்க நியாயம் இல்லைதான். இனிமேலாவது தெரிந்துகொள்ளட்டும்.

அடையாளம் என்ன?

பிறந்த குழந்தையைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. மற்ற ஆண் குழந்தைகளைப் போலவே இருக்கும்.

சில பையன்களுக்குப் பேச்சு தாமதமாக வரும். பள்ளிக்கூடத்தில் எழுத்துக் கூட்டிப் படிக்கச் சிரமப்படுவார்கள். அறிவு குறைவு என்று அர்த்தம் அல்ல. பெரும்பாலோர் மற்றவர்களைப் போன்ற அறிவுள்ளவர்களே. சொல்லவேண்டியதைச் சொல்லாகக் கோத்து எடுப்பதில்தான் தாமதம். பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தால் படித்துவிடுவார்கள். வாத்தியார் பிரம்பை எடுத்தால் கூச்சம் இன்னும் அதிகமாகி, பையன் பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் ஏரிக்கரையில் திரியத் தொடங்குவான்.

12, 13 வயதில் வாலிபம் சரியாகத்தான் தொடங்கும். பிறகு பாதி வழியில் தேங்கி நிற்கும். அப்பன் ஆத்தாள் இருவரையும்விட உயரமாக வளர்வான். முக்கியமாகக் கால்கள் நீளும். மீசை தாடி கொஞ்சமாகத்தான் வரும். சிலருக்கு மார்பு சற்றுப் பருக்கும். சட்டையைக் கழற்றவே வெட்கப்படுவான். கூட்டாளிகள் எல்லாரும் கோவணத்தோடு ஏரியில் குதிக்கும்போது, ஒருவன் மட்டும் சட்டையோடு கரையில் உட்கார்ந்திருந்தால், அதை வெறும் சோம்பல் என்று பெற்றோர் விட்டுவிடக் கூடாது.

நிச்சயமான அடையாளம் ஒன்று உண்டு. விதைகள் வளராமல் சிறியதாகவும் கெட்டியாகவும் இருக்கும். இதை டாக்டர் ஒரு நிமிடத்தில் பார்த்துவிடுவார். ஆனால் அதைக் காட்ட நம் ஊரில் எந்தப் பையன் முன்வருகிறான்? எந்தத் தகப்பன் கேட்கிறார்?

எல்லாருக்கும் எல்லா அடையாளமும் இருக்காது. ஒரு குறையும் வெளியே தெரியாமல், நல்ல தாடி மீசையோடு, குழந்தை இல்லாத காரணத்துக்காகப் பரிசோதனைக்குப் போனபோதுதான் தெரிந்துகொண்டவர்கள் பலர்.

சந்தேகத்தைத் தீர்க்க ரத்தப் பரிசோதனை இருக்கிறது. கையிலிருந்து கொஞ்சம் ரத்தம் எடுத்து, குரோமோசோம்களைப் படம் பிடித்து எண்ணுவார்கள். முடிவு வரச் சில நாள் ஆகும். ஆயுளில் ஒரு தடவை செய்தால் போதும்.

இங்கே இன்னொரு ஆபத்தையும் சொல்ல வேண்டும். "வாலிப வயோதிக அன்பர்களே" என்று அழைத்து, ஊர் ஊராக லாட்ஜில் ரூம் போட்டு மருந்து விற்கிறவர்கள் தமிழ்நாட்டில் பேர் போனவர்கள். சிறு வயதுப் பழக்கத்தால் விதை சுருங்கிவிட்டது என்று பயமுறுத்துவார்கள். லேகியம் கொடுத்துப் பணம் பறிப்பார்கள். பிறவியில் வந்த குரோமோசோமை எந்த லேகியமும் வெளியேற்ற முடியாது. எந்தப் பழக்கத்தாலும் இது வருவதும் இல்லை.

ஊசி மருந்து என்ன செய்யும்?

ஆணின் விதைகளுக்கு இரண்டு வேலை. ஒன்று, உயிரணுக்களை உண்டாக்குவது. மற்றொன்று, "டெஸ்டோஸ்டிரோன்" என்ற சத்தைச் சுரப்பது. மீசை, தாடி, தோள் வலு, எலும்பின் உறுதி, உற்சாகம் எல்லாம் அந்தச் சத்தின் உபயம்.

கிளைன்பெல்டர் கோளாறில் இரண்டு வேலையும் தடைப்படுகின்றன. சுரப்புக் குறைவதால் களைப்பு வரும். எலும்பு மெலியும். வயிற்றில் கொழுப்புச் சேரும். சர்க்கரை வியாதி மற்றவர்களைவிட அதிகமாக வரும். காலின் ரத்தக் குழாயில் ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்ளும் ஆபத்தும் அதிகம். ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி வலித்தால் எண்ணெய் தேய்த்துக்கொண்டு வீட்டில் கிடக்கக் கூடாது. மார்பில் கட்டி தென்பட்டாலும் உடனே காட்ட வேண்டும்.

குறைந்த சத்தை வெளியிலிருந்து கொடுக்க முடியும். அதுதான் சிகிச்சை. ஊசியாகவும் கிடைக்கிறது, தோலில் தடவும் மருந்தாகவும் கிடைக்கிறது. ஊசியில் இரண்டு வகை. ஒன்றை இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒரு முறை போட வேண்டும். மற்றது சுமார் மூன்று மாதத்துக்கு ஒரு முறை. தினமும் விடியுமுன் படகு ஏறுகிறவருக்கு எது தோது என்பதை டாக்டரிடம் பேசித் தீர்மானிக்கலாம்.

வாலிபம் தேங்குகிற வயதிலேயே தொடங்கினால் பலன் அதிகம். மீசை அரும்பும். தோள் திரளும். எலும்பு உறுதிப்படும். மனத்தின் சோர்வும் குறையும். பையன் எல்லாரையும் போல் வலை இழுப்பான். ஆனால் முன்பே பருத்துவிட்ட மார்பு மருந்தால் வற்றாது. அது மிகவும் சங்கடமாக இருந்தால் சிறிய ஆபரேஷன் செய்து எடுத்துவிடலாம்.

இது ஆயுள் முழுவதும் தொடர வேண்டிய மருந்து. இடையிடையே ரத்தப் பரிசோதனையும் வேண்டும். மருந்து மிஞ்சினால் ரத்தம் தடித்துப்போகும். உடற்பயிற்சிக் கூடத்தில் யாரோ விற்கிறார்கள் என்று வாங்கிப் போட்டுக்கொள்வது உயிருக்கே உலை வைக்கும்.

பழவேற்காட்டிலிருந்து இதற்காக எங்கே போவது? முதலில் பொன்னேரி அரசு ஆஸ்பத்திரி. அங்கே விவரம் சொல்லிச் சீட்டு வாங்கிக்கொண்டு, பொன்னேரியில் மின்சார ரெயில் ஏறினால் சென்னை சென்ட்ரல். எதிரே ராஜீவ் காந்தி அரசு பொது ஆஸ்பத்திரி. அங்கே சுரப்பி வியாதிகளுக்கென்று தனிப் பிரிவு இருக்கிறது. ஒரு நாள் தொழில் கெடும். அவ்வளவுதான்.

கலியாணம் செய்யலாமா?

தாராளமாகச் செய்யலாம். பிள்ளை பிறக்காமை வேறு. தாம்பத்தியம் நடத்த முடியாமை வேறு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வது நம் ஊர் வழக்கம். கிளைன்பெல்டர் கோளாறு உள்ளவர்களில் பெரும்பாலோர் மற்றக் கணவர்களைப் போல் குடும்பம் நடத்துகிறவர்களே. ஆசை குறைந்தால் அதற்கும் மேலே சொன்ன மருந்து உதவும்.

ஆனால் முன்பே தெரிந்திருந்தால், பெண்ணிடம் சொல்லிவிட்டுத்தான் தாலி கட்ட வேண்டும். பெண்ணின் தகப்பனிடம் சொன்னால் போதும் என்று சிலர் நினைப்பார்கள். போதாது. வாழப் போகிறவள் அவள்.

இனி, குழந்தை.

முன்பெல்லாம் இவர்களுக்குக் குழந்தையே கிடையாது என்று டாக்டர்கள் கைவிரித்துவிடுவார்கள். 1990-களில் நிலைமை மாறிற்று. ஒரே ஓர் உயிரணுவை ஊசி முனையால் முட்டைக்குள் செலுத்திக் கருவாக்கும் முறையை 1992-ல் பெல்ஜியம் நாட்டில் கண்டுபிடித்தார்கள். விந்துவில் உயிரணு இல்லாவிட்டாலும், விதைக்குள் எங்காவது மூலையில் சில இருக்கலாம் அல்லவா? பெரிதாக்கிக் காட்டும் கருவி வைத்து, விதையைத் திறந்து தேடுகிறார்கள். தேடியவர்களில் நூற்றுக்கு 40 முதல் 50 பேரிடம் உயிரணு அகப்படுகிறது. அப்படிப் பிறந்த குழந்தைகளில் பெரும்பாலோருக்கு 46 குரோமோசோம் சரியாகவே இருந்தது.

இதில் ஒரு முக்கியமான எச்சரிக்கை உண்டு. டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டுக்கொண்டால், விதையில் மிச்சம் இருக்கிற கொஞ்ச நஞ்ச உயிரணுவும் குறையும். ஆகவே குழந்தை வேண்டும் என்கிறவர்கள் ஊசி தொடங்கும் முன்பே அதை டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். வயது ஏற ஏற உயிரணு கிடைப்பது அருமை.

தேடியும் கிடைக்காவிட்டால், பிறர் தானம் செய்த உயிரணுவைக் கொண்டு மனைவி தாயாகலாம். இதற்கு 2021-ம் ஆண்டின் சட்டம் இருக்கிறது. பதிவு பெற்ற ஆஸ்பத்திரியில்தான் செய்ய வேண்டும். கணவன் மனைவி இருவருடைய சம்மதமும் வேண்டும். செலவு அதிகம் ஆகிற வழி இது. கடன் வாங்கிக்கொண்டு ஓடுமுன், எத்தனை பேருக்குப் பலித்தது, மொத்தம் எவ்வளவு ஆகும் என்று டாக்டரிடம் கூச்சப்படாமல் கேட்க வேண்டும்.

பெற்றோர் சொல்ல வேண்டியது

பையனிடம் எப்போது சொல்வது?

மறைத்து வைத்தால், ஒரு நாள் ஆஸ்பத்திரிக் காகிதத்தில் அவனாகவே படித்துத் தெரிந்துகொள்வான். அந்த அடி பெரிது. சின்ன வயதிலேயே, "உன் உடம்பில் ஒரு நூல் அதிகம், அதனால் உனக்கு ஓர் ஊசி வேண்டியிருக்கிறது" என்று சொல்லித் தொடங்கலாம். குழந்தை பிறக்கும் விஷயத்தை அவன் வளர்ந்து, கேட்கத் தெரிந்த வயதில் சொல்லலாம். தகப்பன் சொன்னால் நல்லது. தாய்மாமனிடம்தான் பையன் மனம்விட்டுப் பேசுவான் என்றால் மாமன் சொல்லட்டும்.

"நான் ஆம்பிளைதானா?" என்ற கேள்விதான் முதலில் வரும். ஆம் என்று தயங்காமல் சொல்லலாம். இவர்களில் மிகப் பெரும்பாலோர் தங்களை ஆண் என்றே உணர்கிறார்கள். சிலர் அப்படி உணர்வதில்லை. அவர்களை வற்புறுத்தவோ அடிக்கவோ யாருக்கும் உரிமை கிடையாது. தாம் ஆணா, பெண்ணா, மூன்றாம் பாலா என்று சொல்லிக்கொள்ளும் உரிமை அவரவருக்கே என்று சுப்ரீம் கோர்ட்டு 2014-ம் ஆண்டில் தீர்ப்புக் கூறியிருக்கிறது.

சுவீகாரம்

ஆஸ்பத்திரி வழி எதுவும் கைகூடாதவர்கள் குழந்தையைச் சுவீகாரம் எடுத்துக்கொள்ளலாம். ஆஸ்பத்திரி ஆயாவிடம் பணம் கொடுத்துக் குழந்தை வாங்குவது குற்றம். ஜெயிலுக்குப் போக நேரும். திருவள்ளூரில் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகம் இருக்கிறது. அங்கே போனால் முறைப்படி பதிவு செய்ய வழி காட்டுவார்கள். காத்திருக்க வேண்டியிருக்கும், பல தம்பதிகள் வருடக் கணக்கில் காத்திருக்கிறார்கள்.

2015-ம் ஆண்டின் சட்டப்படி, இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் யாராக இருந்தாலும் இப்படிக் குழந்தை எடுக்கலாம். எடுத்த நாள் முதல் அது பெற்ற பிள்ளைக்குச் சமம். வீடு, வலை, படகு எல்லாவற்றிலும் அதற்குப் பங்கு உண்டு.

ஏரியில் பாட்டு முறை மட்டும் சர்க்கார் சட்டப் புத்தகத்தில் எழுதி வந்தது அல்ல. அது ஊர் வழக்கம். சுவீகாரப் பிள்ளை வளர்ந்து வந்து, "எனக்கும் சீட்டுப் போடுங்கள்" என்று கேட்கும் நாளில், பதில் சொல்ல வேண்டியவர்கள் குப்பத்துப் பெரியவர்கள்.